முட்டையிட வரும் ஆமைக்கு முதலில் வேண்டியது இருட்டு

கேள்வி: எங்கள் குடியிருப்பு கடற்கரையை ஒட்டியது. சென்ற பருவத்தில் கடலாமைகள் சில கரையேறின. செய்தி பரவியதும் கூட்டம் கூடி, டார்ச் அடித்துப் படம் எடுத்தார்கள். ஓர் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிட்டது. பிறகு பொரித்த குஞ்சுகளில் பல சாலைப்பக்கம் போய் வண்டியில் நசுங்கின. இந்த முறை அக்கம்பக்கத்தாரைத் திரட்டி ஏதாவது செய்ய விரும்புகிறோம். சுவரொட்டி ஒட்டுவதா, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பதா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். விளக்குகளிலிருந்து தொடங்குங்கள். திரும்பிப் போன ஆமை, நசுங்கிய குஞ்சுகள் என நீங்கள் சொல்லும் இரண்டு இழப்புக்குப் பின்னாலும் வெளிச்சம் இருக்கிறது.

குஞ்சுகள் மணலுக்கடியிலிருந்து பெரும்பாலும் இரவில்தான் மேலே வரும். மேல்மணல் குளிர்வதுதான் அவற்றுக்குச் சைகை. வெளியே வந்ததும், எந்தப் பக்கம் அடிவானம் தாழ்வாகவும் வெளிச்சமாகவும் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஓடும். ஆளில்லாத கரையில் அது கடலாகத்தான் இருக்கும். நீர்ப்பரப்பு வானத்து ஒளியைக் காட்டும்; நிலப்பக்கம் மணல்மேடும் செடிகொடியும் கறுத்து நிற்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பிசகாமல் வந்த இந்தக் கணக்கை ஒரு மொட்டைமாடி விளக்கு கெடுத்துவிடுகிறது.

நிலவில்லாத ஓர் இரவில், போன முறை ஆமை ஏறிய இடத்துக்குப் போய் மணலில் குப்புறப் படுத்துப் பாருங்கள். தாடை மணலில் படட்டும். கால்மணி நேரம் கண் இருட்டுக்குப் பழகிய பிறகு நிலப்பக்கம் தலையைத் திருப்புங்கள். எந்த விளக்கின் பல்பு நேராகக் கண்ணில் படுகிறதோ, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பல்பு மறைந்திருந்தாலும் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அடுத்தது. இதைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அந்த வீட்டுக்காரரையே அழைத்து வந்து பக்கத்தில் படுக்க வையுங்கள். கூட்டம் போட்டு ஒரு மணி நேரம் பேசி நான் புரியவைக்க முடியாமல்போனது, மணலில் ஐந்து நிமிடம் படுத்தவருக்குப் புரிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அணைக்கச் சொன்னதும் திருட்டுப் பயம் வரும், அது நியாயம்தான். ஆள் நடமாடினால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும் மறைப்பு, கடல்பக்க ஜன்னலுக்குத் திரை என்று வழிகள் உண்டு. எரிந்தே ஆக வேண்டிய இடத்தில் 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் கொண்ட ஆம்பர் (செம்மஞ்சள்) அல்லது சிவப்பு எல்இடி போடலாம். வெள்ளை விளக்கின்மேல் மஞ்சள் காகிதம் சுற்றிவிட்டுத் திருப்தியடைந்துவிடாதீர்கள். ஆமைகளை அதிகம் திசைதிருப்பும் நீல ஒளி கசிந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்தது கூட்டம். தாய் ஆமை கரையேறி இடம் தேடும்போதும் குழி பறிக்கும்போதும்தான் அதிகம் மிரளும். பின்துடுப்பை அகப்பைபோல வளைத்து, கொஞ்சம் மணலை அள்ளி ஓரமாக வைக்கும். அடுத்து மற்றத் துடுப்பு. மாற்றி மாற்றி, அவசரமே இல்லாமல். அந்த நேரத்தில் எதிரே ஒரு டார்ச் அடித்தால் வேலையை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு சுற்றுப்புறத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அப்போதும் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பின்புறமாக, தள்ளி உட்கார வேண்டும். பிளாஷ் கூடவே கூடாது. (கண்ணீர் வடிக்கிறதே என்று யாராவது உருகுவார்கள். கண்ணருகே உள்ள சுரப்பி, உடலில் சேர்ந்த உப்பை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான்.)

வரவே கூடாது என்று தடுத்தால் திருட்டுத்தனமாக வருவார்கள். அழைத்துப் போக ஓர் ஆள் இருந்தால் கட்டுப்படுவார்கள். கோஸ்டாரிகாவின் டோர்ட்டுகேரோவில் இரவில் ஆமை பார்க்க, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஒருகாலத்தில் ஆமை பிடித்த ஊர் அது.

முட்டைகளை எடுக்கும் ஆசை நல்ல மனதில் பிறந்தாலும் ஆபத்தானது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. போதாததற்கு, குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ் எல்லைக்கோடு. அதற்கு மேலே பெண்கள் கூடும், கீழே ஆண்கள். ஆகவே இடம் மாற்றுவது கடைசி வழி. அலை அடித்துப்போகும் இடத்தில் கூடு இருந்தால் வனவிலங்குத் துறைக்குத் தகவல் கொடுங்கள். அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்யட்டும்.

உங்கள் பகுதியில் முட்டை எடுத்து விற்றவர் யாராவது இருந்தால், அவரை ஒதுக்கிவிடாதீர்கள். தடத்தைப் பார்த்துக் கூடு எங்கே என்று சொல்லக்கூடியவர் அவர்தான். பிரேசிலில் 1980இல் தொடங்கிய தமார் என்னும் கடலாமைப் பாதுகாப்புத் திட்டம், முன்பு முட்டை எடுத்துவந்த மீனவர்களையே கூலி கொடுத்துக் காவலுக்கு வைத்தது. அறிவுரை சொல்வதைவிட இது செலவு பிடிக்கும் வேலை, ஆனால் பலன் உண்டு.

மாலையானதும் நாற்காலிகளை அகற்றுவது, குழந்தைகள் தோண்டிய குழிகளை மூடுவது, நாய்களைக் கட்டுவது, வண்டியை மணலில் இறக்காமலிருப்பது எல்லாம் எளிது, யாரும் மறுக்கமாட்டார்கள்.

குஞ்சுகளை வாளி நீரில் போட்டுவைத்து மறுநாள் காலையில் படம் எடுத்துக்கொண்டு விடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை நம்பித்தான் அவை முதல் நாள் முழுக்க ஓயாமல் நீந்தி ஆழ்கடலை எட்டுகின்றன. அந்தத் தெம்பை வாளியிலேயே செலவழித்துவிட்டால், பகல் வெளிச்சத்தில் பறவைக்கும் மீனுக்கும் இரையாகத்தான் மிஞ்சும்.

கடைசியாக, ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். விடியற்காலையில் தடம் பார்த்தவுடன் தேதியையும் இடத்தையும் எழுதுங்கள். இனத்தையும் சூட்டையும் பொறுத்து ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் பொரிக்கும். 45ஆம் நாளுக்கு எதிரே, அந்தக் கூட்டை நோக்கி எரியும் விளக்குகள் எந்தெந்த வீட்டினுடையவை என்று குறித்துவையுங்கள். அன்று மாலை கதவைத் தட்டவேண்டியது அவர்களுடைய வீடுகளைத்தான்.