பாதையில்லாப் பாலைச் சிகரம்: இறங்கும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: நாங்கள் மூன்று பேர். பாதை உள்ள மலைகளில் சில ஆண்டுகளாக ஏறிவருகிறோம். இப்போது ஆள் நடமாட்டமே இல்லாத, பாதையும் இல்லாத ஒரு பாலைவனச் சிகரத்துக்குப் போக ஆசை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து உச்சி நேர்க்கோட்டில் 3 கிலோமீட்டர். ஏற்றம் 700 மீட்டர். ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று நினைக்கிறோம். கோடை முடிந்த கையோடு, காலை 8 மணிக்குக் கிளம்பி, முகடு வழியாக ஏறி, பக்கத்து ஓடை வழியாகச் சுருக்கமாக இறங்கத் திட்டம். ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், போனில் ஜிபிஎஸ். இவை போதுமா?

பதில்: போதாது. ஆனால் தண்ணீரைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது நீங்கள் இறங்க நினைக்கும் அந்த ஓடைதான்.

பாலைவன மலையில் ஓடையை மேலிருந்து பார்த்தால் மணல் பரப்பிய சாலைபோல இருக்கும். கள்ளி குறைவு, முள் குறைவு, கால் சுகமாக இறங்கும். பாதி வழியில் தரை திடீரென்று முடிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் அருவியாகக் கொட்டும் செங்குத்துப் பாறை அது. கீழிருந்து ஏறுகிறவருக்கு அது தூரத்திலேயே தெரிந்துவிடும், திரும்பிக்கொள்வார். மேலிருந்து வருகிறவருக்கோ விளிம்பில் நிற்கும்போதுதான் தெரியும். அதற்குள் அவர் இரண்டு மூன்று சின்னப் பாறைகளைச் சறுக்கிக் கடந்து வந்திருப்பார். சறுக்கி இறங்கிய வழவழப்பான பாறையில் திரும்ப ஏற முடியாது. மேலேயும் போக வழியில்லை, கீழேயும் போக வழியில்லை. பாலைவன மலைகளில் பலர் சிக்கிக்கொள்வது இப்படித்தான்.

வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் 1:24,000 வரைபடங்களில் மலைப்பகுதிகளுக்குப் பெரும்பாலும் 40 அடிக்கு ஒரு சம உயரக்கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரும். அதாவது சுமார் 12 மீட்டருக்கு ஒன்று. 10 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவில் சுவடே இல்லாமல் மறைந்துகொள்ளும். எலும்பை முறிக்க அதில் பாதி உயரம் போதும். செயற்கைக்கோள் படத்தில் நிழலின் நீளத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

ஓடையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும், பல மைல் தள்ளிப் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஆன்டலோப் பள்ளத்தாக்கில் 11 பேரை அடித்துக்கொண்டு போனது அப்படி வந்த வெள்ளம்தான்.

ஆகவே ஏறிய வழியிலேயே இறங்குங்கள். அதுவும் தானாக நடந்துவிடாது. மலையின் கிளை முகடுகள் எல்லாம் மேலே போகப்போக ஒன்றுகூடும். எந்தக் கிளையில் தொடங்கினாலும் உச்சிதான் முடிவு என்பதால் ஏறும்போது வழி தவறுவது குறைவு. இறங்கும்போது அதே முகடு கையை விரித்தாற்போலப் பிரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு பிரிவிலும் தவறான விரல் ஒன்று காத்திருக்கும். நானும் ஒருமுறை களைப்பில், அகலமாகத் தெரிந்த கிளையில் இறங்கிவிட்டேன். இருநூறு மீட்டர் இறங்கிய பிறகு முன்னே வெறும் காற்று. திரும்ப ஏறி வருவதற்குள் இருட்டிவிட்டது. அன்றிலிருந்து ஏறும்போது ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பி, இறங்கும்போது கண்ணில் படப்போகும் காட்சியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறேன். ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைக் குறித்தும் வைக்கிறேன். அடையாளத்துக்குக் கல் அடுக்கினால், திரும்பும்போது கலைத்துவிடுங்கள். அடுத்து வருபவரை உங்கள் கல் தவறான இடத்துக்கு அழைத்துப் போகக்கூடாது.

அடுத்தது நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி உங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வரும். உங்கள் கணக்கும் அதையொட்டியே இருக்கிறது. ஆனால் அது நல்ல தரைக்குச் சொன்னது. இங்கே 3 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து நாலரை ஆகும். உருளும் கற்களும் முட்புதர்களும் உள்ள இடத்தில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். ஏற நாலரை மணி நேரம் என்று வையுங்கள். இறங்க ஏறக்குறைய அதே நேரம் வையுங்கள், ஏனென்றால் சரிந்து ஓடும் கல்லில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். மொத்தம் ஒன்பது மணி நேரம். குளிர்காலத்தில் போனாலோ பகல் குறுகும்: தெற்கு அரிசோனா இருக்கும் 32 டிகிரி வட அட்சரேகையில் டிசம்பர் மாதப் பகல் சுமார் பத்து மணி நேரம்தான். எனவே எட்டு மணிக்கல்ல, கண் தெரியத் தொடங்கும்போதே நடக்கத் தொடங்க வேண்டும். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று கட்டாயம்.

இந்த ஒன்பது மணி நேரத்தை வைத்துத் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். கடும் வெயிலில் ஏறும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வையை எளிதாக இழக்கும். குளிர்ந்த நாளில் மணிக்கு அரை லிட்டர் குடித்தால் சமாளிக்கலாம். குளிர்காலத்தில் ஆளுக்கு 5 லிட்டர் சரி. கோடை முடிந்த கையோடு போனால் 9 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டும் 9 கிலோ. அந்தச் சுமையோடு உருள்கல்லில் நடப்பதே ஆபத்து. சுமக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் தேவைப்பட்டால் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் தவறு என்று பொருள். பையை மாற்ற வேண்டாம், தேதியை மாற்றுங்கள். கோடை முடிந்தும் பாலைவனத்தில் பல வாரங்களுக்கு வெப்பம் இறங்காது. பாறை பகல் முழுதும் சூட்டை உள்வாங்கிக் கக்கிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் சொல்லும் 4 லிட்டர் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. கலிஃபோர்னியாவின் கடும் வெப்பப் பாலைவனமான டெத் வேலி தேசியப் பூங்கா நாளுக்கு 4 லிட்டராவது குடிக்கச் சொல்கிறது. அது குறைந்தபட்ச அளவு. உடலுழைப்புக்கு மேலும் வேண்டும். கோடையில் அங்கே தாழ்வான பகுதிகளில் காலை 10 மணிக்குப் பிறகு நடக்கவே வேண்டாம் என்றும் அதே பூங்கா சொல்கிறது.

ஏறும்போது ஆளுக்கு ஒரு லிட்டரை முகட்டில் ஒரு பாறை நிழலில் வைத்துவிட்டுப் போகலாம். ஏறிய வழியில் இறங்குவதற்கு அதுவே நல்ல காரணமாகவும் ஆகும். வண்டியிலும் பத்து இருபது லிட்டர் இருக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குழப்பமும் வரும். இடையிடையே உப்புள்ள தின்பண்டம் சாப்பிடுங்கள். கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். வெப்பத் தாக்குக்கு நிழல், உடம்பை நனைத்தல், விசிறுதல், உடனே உதவிக்கு அழைத்தல். உச்சி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும் ஏறக்கூடாது.

கையுறையாகத் தடித்த தோலுறையே வேண்டும். எரிமலைப் பாறை பார்க்க உறுதியாக இருக்கும், பிடித்தால் கையோடு வந்துவிடும். பிடியில் எடையை ஏற்றுமுன் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் விடுங்கள். உருள்கல் சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கவே கூடாது. ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிசோனாவிலும் மெக்சிகோவிலும் பரந்த சோனோரன் பாலையில் சோய்யா என்றொரு கள்ளி இருக்கிறது. லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று உடம்பில் ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் கையால் இழுத்தால் கையிலும் ஏறும். தோலுக்கும் துண்டுக்கும் நடுவே சீப்பைச் செருகி ஒரே சுண்டாகச் சுண்ட வேண்டும். அதனால் ஒரு சீப்பும் ஒரு சாமணமும் பையில் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கையை வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் வேண்டாம், மருத்துவமனைதான் மருந்து.

மணல் தரையில் கருமையாக, பொருக்குத் தட்டியதுபோல் தெரிவது உயிருள்ள மண். நுண்ணுயிர்கள் கட்டிய அந்தப் படலம் ஒரு மிதியில் உடையும், மீள்வதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் பிடிக்கும். பாறைமீதும் ஓடை மணலிலும் கால் வையுங்கள். பாறைக்குழியில் தேங்கிய தண்ணீர் விலங்குகளுக்கு உரியது, அதனருகே தங்காதீர்கள். அரிசோனாவில், விலங்குகளுக்கு எட்டும் ஒரே தண்ணீரை மறிக்கும்படி நீர்க்குழியிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் போடுவதைச் சட்டமே தடுக்கிறது.

போன் வெயிலில் சூடாகி அணைந்துபோகும், பேட்டரியும் தீரும். காகித வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும், அவற்றைப் பார்க்க மூவருக்கும் தெரிந்திருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்துக்குப் போவதால், செயற்கைக்கோள் வழியாக அபாய அழைப்பு அனுப்பும் கருவி ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்யுங்கள்.

கிளம்புமுன் திரும்பும் நேரம் ஒன்றை மூவரும் ஒப்புக்கொள்ளுங்கள். விடிகாலை 6 மணிக்குத் தொடங்கினால் அது 11 மணி. அந்த நேரத்தில் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். அரிசோனாவின் பபோகிவரி சிகரத்தைப் பலமுறை முயன்று, 1898இல்தான் ராபர்ட் ஃபோர்ப்ஸும் ஹெசுஸ் மோன்டோயாவும் எட்டினார்கள். உங்களுக்கும் முதல் பயணம் வழி பார்த்து வருவதற்கு மட்டும் என்றிருக்கலாம். நான் அப்படித்தான் செய்வேன்.

போகும் வழி, வண்டி நிற்கும் இடம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தாளில் ஏறும் வழியோடு இறங்கும் வழியையும் எழுதுங்கள், எழுதியதை மலையில் வைத்து மாற்றாதீர்கள். தேட வருகிறவர்கள் முதலில் பார்க்கப்போவது அந்த வழியைத்தான்.