டீச்சரம்மா பதில்கள்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து 471 மார்க் வாங்கியிருக்கிறாள். நான் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறேன். வீட்டுக்காரருக்கு முதுகுவலி, வேலைக்குப் போக முடியவில்லை. குழுக் கடன் வேறு இருக்கிறது. நூல் மில் ஏஜென்ட் வந்து, ‘ஹாஸ்டலோடு மாசம் 9,000, மூணு வருஷம் முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை’ என்கிறார். இவள் காலேஜ்தான் என்று அழுகிறாள். என்ன செய்யட்டும் டீச்சரம்மா?
– ஒரு வாசகி, சாத்தூர்

பதில்: என் அம்மாவும் கட்டை அடுக்கியவர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கியிருக்கிறேன். அதனால், 9,000 ரூபாயை விட்டுத் தள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்கள் கொஞ்சம் வரும். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் படிப்பு முடியும் வரை அவள் கணக்குக்கே வரும். ஆனாலும் வீட்டுக்கு வராமல் போகிற அந்தச் சம்பளத்துக்கு இது ஈடாகாது. இரண்டு ஷிப்ட் உள்ள கல்லூரியில் காலை ஷிப்ட் கேளுங்கள். மதியத்தோடு வகுப்பு முடியும்; சாயந்திரம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம். அப்படியும் இந்த மூன்று வருடம் உங்களுக்குக் கஷ்டம்தான் அம்மா.

என் வகுப்பில் கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்த பெண் ஒருத்தி, பிளஸ் ஒன் லீவில் மில்லுக்குப் போனாள். ஜூனில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்க வேண்டும், நான் போகவில்லை. இரண்டேகால் வருடத்தில் பஞ்சுத் தூசியில் இருமலோடு திரும்பி வந்தாள். மூன்று வருடம் முடியவில்லை என்று அந்த மொத்தத் தொகையைத் தரவில்லை. அது அவள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணம். இப்போது அவளும் தீப்பெட்டி ஆபீஸில்தான் இருக்கிறாள். அன்றைக்கு நான் போகாத வீட்டுக்கு இப்போது வருவதாக நினைத்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மார்க் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு கல்லூரியின் சேர்க்கை உதவி மையத்துக்கு அவளை இந்த வாரமே கூட்டிப் போங்கள். விண்ணப்பத்தை அங்கேயே போட்டுத் தருவார்கள். புதுமைப்பெண்ணுக்கும் சேர்ந்த பிறகு கல்லூரி மூலமாகத்தான் பதிய வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்துவிடுங்கள்.

ஏஜென்டிடம் முன்பணம் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.