தூங்கிவிடுங்கள், தப்பில்லை

கேள்வி: என் கணவரின் கல்லூரி நண்பர் வயலின் வித்வான், அவர் மனைவி வாய்ப்பாட்டு. மாகடி தாண்டி ஒரு கிராமத்தில், ராகிக் காட்டுக்கு நடுவே வீடு கட்டிக் குடிபோய்விட்டார்கள். ஆறு வருடமாக டிசம்பர் கடைசியில் நாலு நாள் எங்களைக் கூப்பிடுகிறார்கள். வருடத்தில் நான் மூச்சு விடுவது அந்த நாலு நாள்தான். ஆனால் எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. அவர்கள் சாதகம் செய்யும்போது தூங்கிப்போகிறேன். போன வருடம் அந்த அம்மாள் பாடிக்கொண்டிருந்ததை என் கணவர் ஃபோனில் பிடித்து, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் அந்த அம்மாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வருடமும் 'வாங்க' என்று செய்தி வந்திருக்கிறது. போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்வது? என்ன வாங்கிப் போவது?
- பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூரு

பதில்: போங்கள். மனசில் வைத்திருப்பவர்கள் 'இந்தத் தடவை வேலை இருக்கு' என்றுதான் எழுதுவார்கள். இரண்டு பேருக்கும் அந்தச் சாக்கு எப்போதும் கைவசம் இருக்கும். அதை எடுக்கவில்லை, பாருங்கள்.

தூக்கத்தைப் பற்றி முதலில். என் பெரியம்மா மேல்கோட்டையில் இருந்தார், வீணை வாசிப்பார். மார்கழி விடுமுறைக்குப் போனால் கூடத்தில் பாய் விரித்துக் கம்பளிக்குள் சுருண்டுகொள்வேன். விளக்கு வைப்பதற்கு முன்பே ஆரம்பித்து ஒரே ராகத்தைக் கிளறிக்கொண்டே இருப்பார். ஒரு நாள், எனக்கும் கொஞ்சம் ரசனை உண்டு என்று காட்டிக்கொள்ளும் வயசு, கம்பளிக்குள்ளிருந்தே 'பேஷ்!' என்றேன். கையை எடுத்துவிட்டார். "நீ இருக்கறதே மறந்துபோச்சுடி. இப்போ ஞாபகப்படுத்திட்டே" என்றார். அன்று அதற்குமேல் வாசிக்கவில்லை. நான் குறட்டை விட்ட நாட்களில் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை.

உங்கள் நண்பர்களுக்கு டிசம்பர் என்ன மாதம் என்று யோசித்துப் பாருங்கள். பெங்களூரின் பெரிய கச்சேரிக் காலம் ராமநவமி. சென்னையில் டிசம்பர் என்றால் இங்கே அது ஏப்ரலை ஒட்டி வரும். மார்கழியில் கல்யாணமும் கிடையாது. முகூர்த்தக் கச்சேரிகளை நம்பி இருப்பவர்களுக்கு அது வெறும் மாதம். சென்னைக்குப் போகிறவர்கள் போவார்கள். போகாதவர்களுக்குப் புதுசாகப் பாடம் பண்ணுவதற்கும், பழையதைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்வதற்கும் கிடைக்கிற நாட்கள் இவைதான். ஆகவே அந்த வீட்டில் நீங்கள் கேட்பது கச்சேரி இல்லை, வேலை. ஒரே சங்கதி, அதாவது ஒரு வரியை மாற்றிப் பாடுகிற ஒரு விதம், நாற்பது தடவை வரும். ஸ்வரப் பயிற்சி வரிசைகள் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், ஓடும். விடியலில் தொண்டை கனத்திருக்கும்போது மந்தர ஸ்தாயியில், கீழ்க்குரலில், ஒரே ஸ்வரத்தை 'ஆ' என்று இழுத்துக்கொண்டே இருப்பார்கள். இதை உட்கார்ந்து கேட்டுத் தலையாட்ட வேண்டும் என்று எந்த வித்வானும் எதிர்பார்ப்பதில்லை. எதிரே ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் அவர்களுக்குச் சங்கடம். வேலை நின்று கச்சேரி தொடங்கிவிடும். நீங்கள் படுத்திருங்கள். காதில் விழுவது விழட்டும்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் விஷயம். தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு நிற்கிறவரைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? அவர் செய்தது அதுதான். அந்த அம்மாள் பாதி வந்த ராகப் பிடியை, ஸ்ருதி சேராத இடத்தைத் திரும்பத் திரும்பப் பாடித் திருத்திக்கொண்டிருந்திருப்பார். குழுவில் ரசிகர் நாலு பேர் இருந்தால் இன்னும் மோசம். மன்னிப்பை நீங்கள் கேட்காதீர்கள். நம் வீடுகளில் கணவன் செய்ததற்கு மனைவி போய் நெளிவது பழக்கமாகிவிட்டது. அவரே, அதுவும் கிளம்புவதற்கு முன்பே, நண்பரிடம் சொல்லாமல் நேராக அந்த அம்மாளிடம் ஃபோனில் இரண்டு வார்த்தை பேசட்டும். குழுவில் அது இன்னும் கிடந்தால் அவரவர் ஃபோனிலிருந்து நீக்கிவிடும்படி நண்பர்களையும் கேட்கட்டும். அங்கே போனபின் 'அந்தப் பாட்டைப் பாடுங்களேன்' என்று ஆரம்பிக்காமல் இருக்கவும் சொல்லிவையுங்கள். அவர்களுக்குத் தோன்றினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களே ஸ்ருதிப்பெட்டியைப் போடுவார்கள். அப்போது மட்டும் எழுந்து உட்கார்ந்து கேளுங்கள். அது உங்களுக்காகப் பாடுவது.

குளிரைப் பற்றிக் கொஞ்சம். நகரத்திலேயே டிசம்பர் கடைசியில் சில ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. திறந்த காட்டில் இன்னும் உறைக்கும். இது நம்மைவிட வாத்தியங்களைப் படுத்தும். விடியலில் பனி ஈரம், மதியம் காய்ந்த வெயில். மிருதங்கத் தோல் ஈரத்தில் தொய்ந்து ஸ்ருதி இறங்கும், வெயிலில் விறைத்து ஏறும். வயலினில் பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் கட்டை, காய்ந்து வழுக்கும்; சேர்த்துவிட்டு நிமிர்வதற்குள் தந்தி இறங்கியிருக்கும். கால் மணி நேரம் ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தால் 'இன்னும் ஆரம்பிக்கலையா?' என்று கேட்டுவிடாதீர்கள். திறந்து கிடக்கும் வயலினைப் பார்த்து, பனி படுகிறதே என்று நீங்களாக எடுத்து வைக்கவும் வேண்டாம். அவரைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். பாடுகிறவர் இருக்கும் வீட்டில் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, சென்ட் மூன்றும் ஆகாது. இன்னொன்று, இது சங்கீதத்துக்குச் சம்பந்தமில்லாதது: குளிருக்குக் கரிக் கணப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கம்பளி இன்னொன்று கேட்டு வாங்குங்கள்.

'ஒன்றும் தெரியாது' என்கிறீர்களே, அவரைக்காய் உரிக்கத் தெரியுமா? நீங்கள் போவது சரியாக அவரைப் பருவத்தில். பனியில் விளைந்த காயில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாசனை வரும். கன்னடத்தில் சொகடு என்பார்கள். கையில் ஒட்டினால் சோப்புக்கும் சுலபத்தில் போகாது. ஒரு முறம் காயைத் திண்ணையில் கொட்டிக்கொண்டு உட்காருங்கள். உரித்த கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கினால் பிதுக்குப் பருப்பு. அந்த ஊர்க்காரர்களின் ஹிதகித பேளே. களிக்கு அந்தச் சாறுதான் ஜோடி. இரண்டு மணி நேர வேலை. உள்ளே சாதகம், வெளியே நீங்கள். கை வேலையில், காது தன் பாட்டில். நாற்பதாவது தடவை அந்தச் சங்கதி விழுந்த விதம் முப்பத்தொன்பதாவதைவிட வேறு மாதிரி இருந்தது என்று உங்களுக்கே ஒரு நாள் தட்டுப்படலாம். தட்டுப்படாவிட்டாலும் பருப்பு மிச்சம்.

வாங்கிப் போவது என்ன? அவரைக்காய் வேண்டாம், பெங்களூர்ச் சந்தைக்கே மாகடியிலிருந்து அது வருகிறது. சால்வையும் வேண்டாம். வித்வான் வீட்டு அலமாரியில் துணியைவிடச் சால்வை அதிகமாக இருக்கும், யாருக்காவது தந்துவிட வேண்டுமே என்று அவர்களே தவித்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக அரைத்த காபிப் பொடி அரைக் கிலோ கொண்டுபோங்கள். வெந்நீருக்கு நல்ல ஃபிளாஸ்க் ஒன்றும் வைத்தால் தொண்டைக்கு நீங்கள் செய்கிற பெரிய உபகாரம். ஆனால் பொடி அரைக்கக் கொடுப்பதற்கு முன் அந்த அம்மாளுக்கு ஃபோன் செய்து, சிக்கரி கலக்கலாமா கூடாதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பேசி முடித்த மறுநாள் அந்த ஃபோனைப் போடுங்கள்.