இரத்தினபுரி ஆற்றில் தங்கக் கட்டி தேடலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். மெல்பேர்ணில் இருக்கும் என் தம்பி வார இறுதிகளில் மெட்டல் டிடெக்டரோடு காட்டுப் பக்கம் போய் அரிசி மணியளவு தங்கக் கட்டிகள் எடுத்து வருகிறான். டிசம்பரில் கொழும்புக்கு வரும்போது மெஷினையும் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான். இரத்தினபுரிப் பக்கம் களு கங்கைக் கரையில் தேடலாம் என்பது என் யோசனை. இதற்கிடையில் இங்கே ஒருவர், தங்கத்தை மட்டும் காட்டும் மெஷினும் பெர்மிட்டும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி நாலரை லட்சம் கேட்கிறார். 25,000 ரூபாய் முற்பணம் கொடுத்துவிட்டேன். வெறும் பொழுதுபோக்குத்தானே, இதில் பிழை ஏதும் உண்டா ஐயா?

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மெஷினைக் கொண்டுவர வேண்டாம் என்று தம்பிக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணங்களைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

முதலில் அந்த விற்பனைக்காரர். தங்கத்தை மட்டும் காட்டும் மெஷின் என்று உலகத்தில் ஒன்று இல்லை. உண்மையான டிடெக்டரின் அடியில் தட்டுப் போல இருப்பதற்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அது மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்பும். கீழே உலோகம் கிடந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும். திரும்பி வரும் அந்தச் சலனத்தை மெஷின் சத்தமாக்கித் தரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சிறிய தங்கக் கட்டியும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் அலுமினியத் தாளும் அதன் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தங்க மணி கிடைப்பதற்கு முன் எத்தனை ஆணியும் ஈய ரவையும் தோண்டினாய் என்று தம்பியையே கேட்டுப் பாருங்கள். ஆழமும் அதிகம் போகாது. நெருப்புக்குச்சித் தலையளவு தங்கமென்றால், நல்ல மெஷினுக்கும் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கீழே கேட்பது கடினம்.

இப்படிச் சொல்லி விற்கப்படுவது அனேகமாக அன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடியாக இருக்கும். நூறு மீற்றருக்கு அப்பால் இருக்கும் தங்கத்தையும் காட்டும் என்பார்கள். வீட்டுக்கு வந்து, உங்கள் மனைவியின் காப்பைக் கழற்றிப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டு நடந்து காட்டுவார்கள். அன்டெனா சரியாக அந்தப் பக்கம் திரும்பும். திரும்பத்தான் செய்யும், ஏனென்றால் காப்பு எங்கே இருக்கிறது என்று பிடித்திருப்பவருக்குத் தெரியும். மணிக்கட்டின் மிக நுண்ணிய சாய்வே அதைத் திருப்பப் போதும். அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். ஒரே மாதிரியான பத்து மூடி போட்ட டின்களை எடுங்கள். அவரை வெளியே நிறுத்திவிட்டு, உங்கள் பேரப்பிள்ளை ஒன்றுக்குள் காப்பை வைக்கட்டும். வைத்த பிள்ளையும் அறையை விட்டுப் போய்விடட்டும். உங்களுக்கும் எது என்று தெரியக் கூடாது. பிறகு அவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பத்துத் தடவை திருப்பித் திருப்பிச் செய்யுங்கள். குருட்டு வாக்கில் ஒன்றிரண்டு தடவை சரிவரும். அதற்கு மேல் அந்த மெஷின் காட்டினால் எனக்கு எழுதுங்கள்.

இது படிக்காதவர்கள் மட்டும் ஏமாறும் விஷயம் என்று நினைக்காதீர்கள். 2013இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மெக்கோர்மிக் என்பவருக்குப் பத்து வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஏ.டி.ஈ. 651 என்ற பெயரில் ஈராக்குக்கு அவர் விற்ற வெடிகுண்டு தேடும் கருவியும் இதே கைப்பிடியும் அன்டெனாவும்தான். உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவும் இருக்கவில்லை. தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேடித் தருவதாக விற்கப்பட்ட ஒரு மலிவுச் சாமானிலிருந்து பிறந்தது அது. ஒரு நாட்டின் பாதுகாப்புப் படையே நம்பி வாங்கியது. வெள்ளவத்தையில் ஒரு குடும்பத்தை நம்ப வைப்பது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள்.

இப்படியானவர்கள் 'சாம்பிள்' என்று ஒரு தங்கக் கட்டியையும் மேசையில் வைப்பதுண்டு. செட்டியார் தெருவில் நம்பிக்கையான ஒரு பத்தரிடம் உரைத்துப் பாருங்கள். வீட்டிலும் பார்க்கலாம். நகைத் தராசில் எடை பார்த்து, பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தித் தொங்கவிட்டு எடை பாருங்கள். ஒரு பவுண், அதாவது 8 கிராம் தங்கமென்றால் தண்ணீருக்குள் அரை கிராமுக்கும் குறைவாகத்தான் எடை இறங்கும். பித்தளையென்றால் ஏறக்குறைய ஒரு கிராம் இறங்கும். நிறத்தைப் பூசலாம், பாரத்தைப் பூச முடியாது.

இனி இரத்தினபுரி. அங்கே மாணிக்கமும் நீலக்கல்லும் கிடைக்கும்போது தங்கமும் கிடைக்காதா என்று பலர் கேட்கிறார்கள். தங்கக் கட்டி பிறப்பதற்கு வேண்டியது, பூமிக்குள் நடுத்தரச் சூட்டில் சுடுநீர் பாறை வெடிப்புகளில் ஏறி, வெண்கல் (குவார்ட்ஸ்) நாளங்களாக உறைந்து, தன்னோடு கொண்டுவந்த தங்கத்தையும் அங்கே விடுவது. கர்நாடகத்துக் கோலாரும் அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்துப் பெண்டிகோவும் அப்படிப்பட்ட இடங்கள். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு பாறை அதைவிட எவ்வளவோ ஆழத்தில், எவ்வளவோ கூடிய சூட்டில் வெந்து வந்தது. அந்த வேக்காடு இரத்தினங்களுக்கு உகந்தது. தங்க நாளங்களுக்கு உகந்ததல்ல. 'இல்லம்' எனப்படும் இரத்தினக்கல் சரளை மண்ணை அரிக்கும்போது கூடையின் அடியில் எப்போதாவது தங்கத் தூள் தட்டுப்படுவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது தூள். டிடெக்டருக்குத் தூள் கேட்காது. பத்தர் பட்டறைக் குப்பையை அரிப்பவர்களைப் போலத் தட்டில் போட்டு அலசித்தான் எடுக்க வேண்டும். ஆற்று மணலில் வெயில் பட்டு மின்னுவது அனேகமாக காக்காய்ப்பொன் என்கிற மைக்கா. நகத்தால் அழுத்தினால் தகடு தகடாகப் பிரியும். போதாக்குறைக்கு நம் தென்மேற்குப் பகுதியின் கபுக் எனப்படும் செந்நிற மண்ணில் இரும்பு நிறைய. சாதாரண மெஷின் அந்த மண்ணுக்கே கத்திக்கொண்டிருக்கும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள் மற்றும் கனிப்பொருட்கள் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் கனிப்பொருள் தேடுவதும் அகழ்வதும் குற்றம். அதில் இருக்கும் அனுமதிகள் ஆய்வு, அகழ்வு, வியாபாரம், போக்குவரத்து என்று தொழில் செய்வோருக்கானவை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய்த் தேடுவதற்கென்று ஒரு பெர்மிட் அதில் இல்லை. ஆகவே அந்த மனிதர் உங்களுக்கு வைத்திருக்கும் தாள் என்னவாக இருந்தாலும், பொழுதுபோக்குக்கான பெர்மிட் அல்ல. யாருடையதோ இரத்தினக்கல் அனுமதிப்பத்திரத்தின் போட்டோக் கொப்பியாக இருந்தால் அதுவும் உங்களுக்குப் பயன்படாது. இரத்தினக்கல்லுக்குத் தனிச் சட்டம், தனி அதிகார சபை.

அதைவிடப் பெரிய ஆபத்து தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். மண்ணுக்குள் இருக்கும் பழம்பொருள் அரசுக்குச் சொந்தம் என்கிறது அது. 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தத் திகதி. அதற்கு முற்பட்டதை அந்தச் சட்டம் பழம்பொருளாகக் கொள்கிறது. தேடித் தோண்டத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தற்செயலாக ஒன்று தட்டுப்பட்டாலும் உடனே அறிவிக்க வேண்டும். புதையல் தோண்டியதாகக் கைதானவர்களைப் பற்றிய செய்திகளில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் மெஷினும் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தங்கக் கட்டி தேடினேன், புதையல் அல்ல என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆற்றங்கரையில் இரவு ஏழு மணிக்கு, மெஷினோடும் மண்வெட்டியோடும் நிற்கும் ஒருவரின் வார்த்தையை எந்தப் பொலிஸ்காரர் ஏற்பார்?

நேர்மையாகக் கேட்டுச் செய்ய விரும்புகிறவனுக்கு இங்கே வழி இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். பல வருடங்களுக்கு முன், மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சிறிய டிடெக்டர் ஒன்றை முறைப்படி தருவிக்க நினைத்தேன். முதல் அலுவலகம் இரண்டாவதன் கடிதம் வேண்டும் என்றது. இரண்டாவது, முதலாவது சம்மதித்தால்தான் கடிதம் என்றது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள் என்று மூன்று கிழமை சொன்னார்கள். அந்த மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறிய பிறகும் என் கோப்பு ஏதோ ஒரு மேசையில் இருந்தது. கதவைச் சாத்தி வைத்தால் வாசலில் தரகர் கடை போடுவார். உங்களிடம் நாலரை லட்சம் கேட்பவரின் பிழைப்பு அந்த வாசலில்தான் நடக்கிறது.

உங்கள் ஆசையைக் குற்றம் சொல்லவில்லை. அதைத் தீர்க்க ஒரே ஒழுங்கான வழி, தம்பி மெஷினோடு இங்கே வருவதல்ல, நீங்கள் அங்கே போவது. விக்டோரியா மாநிலத்தில் மைனர்ஸ் ரைட் என்றொரு அனுமதி உண்டு. சிறு கட்டணம் கட்டினால் பத்து வருடத்துக்குச் செல்லும், கண்டெடுத்த தங்கமும் உங்களுடையது. மெல்பேர்ணிலிருந்து பெண்டிகோ ஏறக்குறைய 150 கிலோமீற்றர். அங்கிருந்து டனோலி, டார்னகுல்லா, வெடர்பேர்ண், மேரிபரோ என்று கோல்டன் ட்ரையாங்கிள் எனப்படும் பகுதி விரிகிறது. 1980இல் கிங்கோவரில் ஒருவர் டிடெக்டரால் கண்டெடுத்த ஹாண்ட் ஒப் ஃபெய்த் என்ற கட்டி 27 கிலோவுக்கு மேல். அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மண்ணில் தங்கக் கட்டி உண்டு, இந்த மண்ணில் இல்லை.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள், இதில்தான் போகிறவர்கள் வழுக்குகிறார்கள். மைனர்ஸ் ரைட் கையில் இருப்பதால் எல்லா இடத்திலும் தேடலாம் என்றில்லை. தம்பியின் அனுமதியில் நீங்கள் தேட முடியாது. உங்கள் பெயரில் தனியாக எடுக்க வேண்டும். தேசிய பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் தேடக் கூடாது. தேடலாம் என்று ஒதுக்கப்பட்டவற்றிலும் வரைபடத்தில் குறித்த பகுதிக்குள் மட்டும்தான். தனியார் காணியென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வேலி இல்லை என்பதால் காணி யாருடையதும் அல்ல என்றாகாது. சுரங்கக் கம்பனி ஒன்று உரிமம் வைத்திருக்கும் நிலத்தில் அந்தக் கம்பனியைக் கேட்க வேண்டும். பூர்வகுடி மக்களின் பாரம்பரிய இடங்களைத் தொடவே கூடாது. இவ்வளவுக்கும் பிறகு தேடுவது கையால் தோண்டும் கருவிகளால் மட்டும், தோண்டிய குழியை மூடிவிட்டு வர வேண்டும். 'எல்லோரும் இங்கேதான் தேடுகிறார்கள்' என்று தம்பி சொன்னால், வரைபடத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கிடைத்ததைக் கொண்டுவரும்போது கட்டுநாயக்கவில் சுங்கத்திடம் நீங்களாகவே அறிவியுங்கள்.

இனி உங்கள் 25,000 ரூபாய். அந்த மனிதரோடு நடந்த வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பெர்மிட் என்று ஏதும் அனுப்பியிருந்தால் அதையும் பாதுகாத்து வையுங்கள். ஒரு திகதி குறித்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். 'உங்களையும் சேர்த்து மாட்டிவிடுவேன்' என்று அவர் மிரட்டக்கூடும். நீங்கள் மெஷினை வாங்கவும் இல்லை, எங்கும் தோண்டவும் இல்லை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதி நீட்டினால், முழுவதையும் விளங்கும்படி வாசித்துச் சொல்லும் வரை கையெழுத்து வைக்க வேண்டாம்.