"இவ எந்த ஊரு ஆச்சி?"

கேள்வி: எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு வீட்டில் ஷூட்டிங் நடக்கும். ஆனால் சீரியலைப் பார்த்தால் ஆத்தங்குடிக் கல்லும் தேக்குத் தூணும்தான் எங்களுடையது. விஷம் வைக்கும் மாமியார், அழுதுகொண்டே சமைக்கும் மருமகள் எல்லாம் யாரோ. என் மாமியார் டிவியைப் பார்த்து "இவ எந்த ஊரு ஆச்சி?" என்கிறார். ஏன் இப்படி?
- வாசகி, தேவகோட்டை

பதில்: கேள்வியிலேயே பாதி பதிலைச் சொல்லிவிட்டார் உங்கள் மாமியார். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் (அங்கே கல்யாணமான பெண்கள்தான் 'ஆச்சி') கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள், ஒரே வளவு வீடுதான், ஆனால் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு, கோயிலில் வரி எழுதும்போதுகூட அந்த ஜோடி தனியாக ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. அப்புறம் எங்கே போய் 'குழம்பில் உப்பு கூடிப்போச்சு' என்று மாமியார் தட்டை வீசுவது? அந்தக் காட்சியை எடுக்க முதலில் இரண்டு அடுப்பையும் ஒன்றாக்க வேண்டும்! சண்டையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. சீர் சாமானில் எந்த அண்டா யாருடையது என்று பத்து வருஷம் பேசாமல் இருப்பார்கள். வசனமே இல்லாத சண்டை, சீரியலுக்கு ஆகாது.

கானாடுகாத்தானில் ஒருமுறை ஷூட்டிங் பார்த்தேன். முகப்பில் கதாநாயகி பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக, காலை பதினோரு மணிக்கு, காபி ஆற்றிக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டாங்கட்டில், அதாவது இரண்டாவது முற்றத்துப் பக்கம், ஓலையைக் கிழித்துக் கொட்டான் கூடை முடைந்துகொண்டிருந்த வயதான அம்மாவிடம் ஒரு பையன் வந்து, "பாட்டி, ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றான். அவரும் ஓலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் சினிமாவுக்குக் காரைக்குடி புதுசில்லை. ஏவிஎம்மின் 'நாம் இருவர்' (1947) அங்கே போட்ட ஸ்டுடியோவில் எடுத்ததுதான். பக்கத்துப் பள்ளத்தூரில் வளர்ந்த நடிகை மனோரமாவைத் தமிழ்நாடே ஆச்சி என்றது. அந்தச் சொல் போன தூரம் கதை போகவில்லை. பர்மாவுக்குக் 'கொண்டுவிக்க', அதாவது தொழில் செய்யப் போன புருஷன் மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை வீட்டையும் கொடுக்கல் வாங்கலையும் பார்த்துக்கொண்ட ஆச்சிகள் எத்தனை பேர்! 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது கடிதம் வராமல் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர்! அதற்கெல்லாம் வில்லியே தேவையில்லை.

அடுத்த தடவை வீடு கேட்டு யாராவது வந்தால் வாடகையோடு ஒரு கண்டிஷனும் போடுங்கள்: டைரக்டர் ஒரு நாள் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து உங்கள் மாமியார் சொல்வதைக் கேட்க வேண்டும். காபி உங்கள் அடுப்பிலா, அவர் அடுப்பிலா என்பதை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.