கழுகு பாவம், விட்டுவிடுங்கள்

கேள்வி: தடுமாறும் கம்பெனிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கொழுக்கும் 'கழுகு முதலீட்டாளர்'களைத் தடுக்கச் சட்டம் வேண்டாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: சட்டம் இருக்கட்டும். கழுகு உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? கந்துவட்டிக்கார ஆலோங் என்றால் 'வட்டி முதலை', இவர்கள் என்றால் 'கழுகு'. மனிதன் செய்கிற அயோக்கியத்தனத்துக்கெல்லாம் மிருகக்காட்சிசாலையில் போய்ப் பெயர் தேடுகிறோம்.

அதிலும் எந்தக் கழுகு? லங்காவியில் குவா படகுத்துறைக்குப் பக்கத்தில் இறக்கை விரித்து நிற்கிறதே ஒரு சிலை, அது கழுகு இல்லை, செம்பருந்து. நம் கருடன். இதை முன்பு ஒருமுறை எழுதப்போய், ஒரு வாசகர் மூன்று மாதம் விடாமல் கடிதம் போட்டார். கடைசிக் கடிதத்தில் சிலைக்கு அடியில் குடும்பத்தோடு எடுத்த படத்தையும் வைத்திருந்தார், ஆதாரமாம். படத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

நீங்கள் சொல்வது பிணந்தின்னிக் கழுகு. பழைய தமிழில் பாறு. மாடு செத்த பிறகுதான் அது இறங்கும். இந்தியாவில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து செத்த மாட்டின் உடம்பில் தங்கிவிட, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல்தான் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். கடனில் ஊறிய கம்பெனியைத் தின்று செத்துப்போன முதலீட்டாளர் யாராவது உண்டா?

இவர்களில் பலர் மாடு சாகும்வரை காத்திருப்பதும் இல்லை. அமெரிக்காவின் டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடையை 2005இல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 660 கோடி டாலருக்கு வாங்கின. பெரும்பகுதி கடன். அதைக் கடையின் தலையிலேயே கட்டினார்கள். கடன் வாங்கி மாடு வாங்கிவிட்டு, வட்டியை மாட்டையே கட்டச் சொன்ன கதை. 2017இல் திவால், அடுத்த வருடம் அமெரிக்கக் கடைகள் மூடல், 30,000 பேருக்கு மேல் வேலை போனது. கடையின் சின்னம் ஒட்டகச்சிவிங்கி. கழுத்து நீளம், கயிறு போடச் சௌகரியம்.

நொடித்ததை வாங்குவதெல்லாம் பாவம் என்றும் சொல்லமாட்டேன். 1998இல் நம் மலேசிய அரசாங்கமே தானாஹர்த்தா என்று ஒன்றைத் தொடங்கி வங்கிகளின் வாராக்கடனை வாங்கியது.

ஆனால் நொடிக்காததையும் அறுத்தார்களே, அது நமக்குத் தெரியாதா? மெர்டேகாவை, அதாவது 1957 சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, நாலு பேர் கூட்டுச் சேர்ந்து மொத்தமாக வாங்கிக் கூறு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்று பெயர். மரத்தில் பால் வடிந்துகொண்டுதான் இருந்தது. துண்டுக்கு விலை கூட, அவ்வளவுதான். லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் போச்சு, வீடும் போச்சு. 1960இல் அப்போதைய அமைச்சர் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுகிறவர்களிடம் மாதம் 10 வெள்ளி சேர்த்து, தோட்டங்களையே வாங்கினார்கள்.

எங்கள் பாட்டி அந்த 10 வெள்ளி ரசீதுகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். அவருடைய தாலி எத்தனையோ முறை அடகுக்கடைக்குப் போய் வந்திருக்கிறது. அந்த டின் மட்டும் அலமாரியை விட்டு இறங்கியதில்லை.