உருண்டைக் கிண்ணமும் ஒண்டிக்குடித்தன மீன்களும்

கேள்வி: பையனின் பிறந்தநாளுக்கு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்கமீன் வாங்கினோம். ஒன்று கண் பிதுங்கிய கறுப்பு மீன், இன்னொன்று ஒற்றை வால் வைத்த சாதா செம்மஞ்சள் மீன். தினமும் குழாய்த் தண்ணீரை முழுசாக மாற்றுகிறேன், ஆனாலும் கறுப்பு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கடைக்காரர் ஒரு சக்கர் மீனை விட்டால் சுத்தமாக வைத்துக்கொள்ளும் என்கிறார். பையனுக்கோ ஃபைட்டர் மீன் வேண்டுமாம். என்ன செய்யலாம்?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: முதலில் அந்தக் கிண்ணத்தை அலமாரியில் ஏற்றிவிடுங்கள் அம்மா, பொட்டுக்கடலை போட்டு வைக்க நன்றாக இருக்கும். அதில் பிடிப்பது 5 லிட்டரோ 6 லிட்டரோதான், மேலே வாய் வேறு குறுகல், அதனால் காற்று தண்ணீரில் கலப்பதற்கு இடமே இல்லை. தங்கமீனுக்கு வயிறு என்று தனியாக ஒரு பை கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போய்க் கழிவாக வந்துகொண்டே இருக்கும், போதாததற்கு செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியேறும். நம் வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் விஷம் ஏறும். உங்கள் கறுப்பு மீன் மேலே வந்து வாயைத் திறப்பது பசியில் இல்லை, மூச்சு முட்டி.

தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுகிறீர்களே, அதுவும் நல்லதில்லை. காவிரிக் குடிநீரில் குளோரின் கலந்துதான் வருகிறது, அது செவுளைச் சுடும். குடிநீரை அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு, அதைக்கொண்டு மீன் இருக்கும் தண்ணீரில் பாதியை மட்டும் மாற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் குளியல் சோப்புக்குத்தான் பகை, தங்கமீன் அதை ஓரளவு தாங்கும். இன்றைக்கே செய்யக்கூடியது என்றால், துணி ஊறவைக்கிற 60 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்றை சோப்புப் படாமல் புதிதாக வாங்கி, அப்படித் திறந்து வைத்த தண்ணீரை நிரப்பி, ஒரு ஏர் பம்ப் போட்டு மீன்களை அதில் விடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மீன் பிழைக்கும்.

நிரந்தரத்துக்கு மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 126 லிட்டர் வரும், விளிம்பு வரை நிரப்ப மாட்டோம் என்பதால் 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உருண்டை உடம்பு மீன்களுக்கு இது தாராளம். கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் 150 கிலோவை நெருங்கும், அதனால் டிவி வைத்த பிளைவுட் பலகையில் ஏற்றாதீர்கள். மேற்கு ஜன்னல் பக்கமும் வேண்டாம். தண்ணீரை வடிகட்ட ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர் போடுங்கள்; அதில் அம்மோனியாவைத் தின்கிற நல்ல பாக்டீரியா குடியேற நாலைந்து வாரம் பிடிக்கும், அதுவரை தீனியைக் குறைத்து, தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அந்த ஸ்பான்ஜைக் குழாயடியில் பளிச்சென்று கழுவிவிட்டால் எல்லாம் போச்சு, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள்.

அப்புறம் அந்த சக்கர். நானும் ஒரு கடையில் இதே பேச்சைக் கேட்டு ஒன்றை வாங்கி, தலையில் சிவப்புத் தொப்பி வைத்த என் ஒராண்டாவோடு (அதுவும் ஒரு தங்கமீன் வகைதான்) விட்டேன். பகலில் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு சாதுவாகத்தான் இருந்தது. ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து லைட்டைப் போட்டால், அது ஒராண்டாவின் விலாவில் வாயை வைத்து அப்பிக்கொண்டிருக்கிறது, இந்தப் பைத்தியம் அதையும் இழுத்துக்கொண்டு மெதுவாக நீந்துகிறது. காலையில் பார்த்தால் அந்த இடத்தில் செதில் போய் ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்திருந்தது. மீன் உடம்பின் வழவழப்பை அது ருசி பார்த்துவிட்டால் விடாது. சுத்தம் செய்வது சக்கரின் வேலை இல்லை, நம் வேலை.

ஃபைட்டரும் வேண்டாம். அதற்கு 26 டிகிரிக்கு மேல் இதமாக இருக்கும், தங்கமீனுக்கு 20-ஐ ஒட்டி இருந்தால் சுகம். தொங்கும் வாலைக் கண்டால் ஃபைட்டர் கடிக்கவும் செய்யும். டைகர் பார்ப், ஏஞ்சல் மீன்கள் எல்லாம் அதே ரகம். சொல்லப்போனால் உங்கள் இரண்டு தங்கமீன்களே ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. கறுப்பு மீனுக்கு, அதாவது பிளாக் மூருக்கு, கண் பெரிதே தவிர பார்வை மந்தம், உடம்பும் குண்டு. ஒற்றை வால்காரன் விருட்டென்று வந்து தீனி மொத்தத்தையும் முடித்துவிடுவான், வளர்ந்தால் ஓரடி நீளம் வருவான். அவனைத் தோட்டத்துத் தொட்டி உள்ள சொந்தக்காரர் யாருக்காவது கொடுத்துவிட்டு, மூருக்கு இன்னொரு மூரையோ ஒராண்டாவையோ துணைக்கு வாங்குங்கள்.

கேள்வி: மாடியில் புதிதாக சிமென்ட் தொட்டி கட்டியிருக்கிறோம். தங்கமீனும், கொசுவுக்காகக் கப்பி மீனும் சேர்த்து விடலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: கப்பியைத் தங்கமீன் தீனி என்று நினைத்துக்கொள்ளும், வாய்க்குள் போகிற அளவில் எது இருந்தாலும் அப்படித்தான். கொசுப் புழுவையும் அதுவே தின்றுவிடும், கப்பி தேவையில்லை. புது சிமென்ட் சுண்ணாம்பு கக்கும், அதனால் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி என்று இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள். கத்திரி வெயிலுக்கு முன்னால் பச்சை நிழல் வலை கட்டிவிடுங்கள், மீன்கொத்தியும் காக்கையும் இறங்காமல் இருக்கவும் அது உதவும்.

கேள்வி: சக்கர் மீன் ஒரு முழம் வளர்ந்துவிட்டது. கோட்டை அகழியில் விட்டுவிடலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: கூடவே கூடாது, பாலாற்றிலும் ஏரியிலும்கூட வேண்டாம். அது நம் ஊர் மீனே இல்லை, கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகிவிட்டால் பிறகு யாராலும் ஒழிக்க முடியாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேளுங்கள், காசு கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.